பூங்கா வரப்போகும் பள்ளம்

கரிக்கலாம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டிறங்கி, மகளோடு மனை பார்க்க நடக்கிறேன். வாடகை மாடியில் அவள் ஓடினாலே கீழ்வீட்டார் முறைக்கிறார்கள். மனை விற்பவர்கள் தந்த வரைபடத்தில் பூங்கா என்று பச்சையடித்த பள்ளத்தில் ஒரு பெண் மாட்டுக்குப் புல் அறுக்கிறாள்.

“இங்க பார்க் வருதாமேக்கா?”

“இன்னா பார்க்கு? இது தண்ணி நிக்கறதுக்குன்னு நடாம வுட்ட எடம். மண்ணு கொட்டி மூடிட்டாங்கன்னா, மழைத்தண்ணி எங்க தெருவுலதான் பூந்துரும்.”

“எங்க மனைக்கும் வருமா?”

“ஒனக்கு வராது தாயி. பிளாட்டெல்லாம் மேடு ஏத்திட்டாங்கல்ல!” சிரித்துக்கொண்டே புல்லைக் கட்டுகிறாள்.

என்ன கேட்டுவிட்டேன் என்று கூசுகிறது. இந்த மனை வேண்டாம் என்று திரும்புகிறேன். மகள் மனைக்கல்லில் ஏறி நிற்கிறாள்.

“அம்மா, நம்ம வீடு!”

மெயின்ரோட்டில் புதுச்சேரி பஸ் ஹாரன் அடிக்கிறது. விட்டால் அடுத்தது ஒரு மணி நேரம் கழித்துத்தான். விடுகிறேன்.