அப்பாவின் இனிஷியலில் ஒரு கட்டுரை

கல்யாணமான மறுவாரமே கல்லூரி ஆபீசுக்குப் போய், அப்பாவின் இனிஷியலை எடுத்துவிட்டுக் கணவருடையதைப் போடச் சொல்லி விண்ணப்பம் கொடுத்தவள் நான்தான். யாரும் கழுத்தைப் பிடிக்கவில்லை. என்னோடு வேலை பார்த்த பெண்கள் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள், நானும் செய்தேன். படித்த முட்டாள் என்றால் அது நான்தான்.

அதற்கு முந்தைய வருஷம்தான் என் கட்டுரை வெளிநாட்டு ஆராய்ச்சிப் பத்திரிகை ஒன்றில் வந்திருந்தது. எழுபதுகளின் கடைசி. எங்கள் கல்லூரிக் கம்ப்யூட்டரில் எண்களை வைத்துக்கொள்ள இடம் ரொம்பக் கம்மி. துளை போட்ட அட்டைக் கட்டைக் காலையில் கொடுத்தால் மறுநாள் சாயங்காலம் விடை வரும். பாதி நாள், இடம் போதவில்லை என்பதுதான் விடை. ஒரு வரிசை எண்களைப் பெருக்கி அதை ஒரு புது வரிசையாக வைப்போம், பிறகு அதோடு எதையாவது கூட்டி இன்னொரு வரிசையாக வைப்போம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பாத்திரத்தை அழுக்காக்குகிற சமையல் மாதிரி. வரிசை முழுவதையும் ஒரே பொருளாக எடுத்துக்கொண்டு, அதன்மேல் செய்ய வேண்டிய வேலைகளை முதலிலேயே ஒன்றாகச் சேர்த்துவிட்டால் நடுவில் வரும் வரிசைகளே வேண்டாம் என்று நான் காட்டினேன். எப்போது சேர்க்கலாம், எப்போது கூடாது என்பதற்கு நிரூபணமும் கொடுத்திருந்தேன். புத்தூரில் அப்பா வீட்டு மாடியறையில் உட்கார்ந்து எழுதியது. கல்லூரி விலாசத்தோடு, அப்பாவின் இனிஷியல் போட்ட என் பெயர் மட்டும்தான், கூட யாரும் இல்லை.

பிறகு ஸ்ரீரங்கத்துக்கு வாழ்க்கைப்பட்டேன். இரண்டு குழந்தைகள். தினம் பஸ்ஸில் காவிரியைத் தாண்டிப் போய்ப் பாடம் நடத்திவிட்டு வந்தேன். கட்டுரை அலமாரியில் கிடந்தது.

எண்பதுகளின் நடுவில், லெக்சரருக்கு அடுத்த படியான ரீடர் பதவிக்கு இன்டர்வியூ வைத்தார்கள். ரீடர் ஆனால்தான் சொந்தமாக ஆராய்ச்சி மாணவர்களைச் சேர்த்துக்கொள்ள முடியும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். பெங்களூரில் ஒரு பெரிய லைப்ரரியில், யார் கட்டுரையை யார் எடுத்தாண்டார்கள் என்று காட்டும் தடித்தடிப் புத்தகங்கள் இருந்தன. சும்மா பார்ப்போமே என்றுதான் போனேன். இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு கட்டு ஜெராக்ஸோடு திரும்பினேன். என் முறையை வைத்துச் சிலர் புது கம்ப்யூட்டர் மொழியே அமைத்திருந்தார்கள். ரயிலில் அந்தக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். சந்தோஷம்தான்.

இன்டர்வியூவில் தலைவராக இருந்த பெரியவர் நல்ல மனுஷர். எல்லாவற்றையும் நிதானமாகப் புரட்டிப் பார்த்தார். “பேப்பர் பிரமாதம்மா. ஆனா ரிஜிஸ்டர்ல இருக்கிற பேருக்கு இது சேராதே. பேர் மாத்தினதை கவர்மென்ட் கெஜட்ல போட்டிருக்கீங்களா?”

போடவில்லை. எந்தப் பெண் போட்டாள்? என் எம்.எஸ்ஸி. சான்றிதழிலும் அப்பாவின் இனிஷியல்தான், அதைப் பார்த்துத்தான் வேலை கொடுத்தீர்கள் என்றேன். அது சேரும்போது பதிந்தது, இது வேறு என்றார். ஒருநாள் அவகாசம் கேட்டுக் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுபோனேன். அதில் அப்பாவின் பெயர், மாமனாரின் பெயர், மாப்பிள்ளையின் பட்டம், உத்தியோகம் எல்லாம் கொட்டை எழுத்தில் இருந்தன. நான் வெறும் சௌபாக்கியவதி. எனக்குப் பட்டமும் இல்லை, இனிஷியலும் இல்லை.

“எனக்கு சந்தேகமே இல்லம்மா. ரூல்தான்” என்றார் பெரியவர்.

கல்லூரி ஆண்டு மலரில் எழுதியதையெல்லாம் ஆராய்ச்சி என்று காட்டியிருந்த ஒருவருக்கு அந்தப் பதவி கிடைத்தது. “போனாப் போறது, விடு. இருக்கிற வேலை எங்கேயும் போயிடலையே” என்றார் என் கணவர். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அடுத்த மாதம், இந்தத் தொல்லை இனிமேலாவது தொலையட்டும் என்று, கெஜட்டுக்கான படிவத்தில் முத்திரை வாங்க ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த கிளார்க் என் கல்யாணமான கையோடு வேலைக்கு வந்தவர், சாது. பழைய பெயரையும் புதுப் பெயரையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“இது நீங்கதானா மேடம்? இந்த இனிஷியலுக்கு ஃபாரின்லேருந்து லெட்டர் வந்துக்கிட்டே இருக்கும். லிஸ்ட்ல இப்படி யாரும் இல்லையேன்னு எழுதித் திருப்பி அனுப்பிடுவேன்.”

எத்தனை வந்திருக்கும் என்று கேட்டேன். அவர் எண்ணி வைக்கவில்லை. முதல் இரண்டு வருஷம் நிறைய வந்ததாகவும், அப்புறம் குறைந்து நின்றுவிட்டதாகவும் சொன்னார்.

கல்யாணமான அந்த முதல் இரண்டு வருஷமும் அடுப்பு வேலை முடிந்ததும் உட்கார்ந்து அந்தக் கட்டுரையின் இரண்டாம் பாகத்தை எழுதிக்கொண்டிருந்தேன். யாரிடமிருந்தும் ஒரு வரிகூட வரவில்லை, நாம் எழுதுவது ஒருத்தருக்கும் வேண்டியிருக்கவில்லை போலிருக்கிறது என்று நானே பாதியில் நிறுத்தினேன். நான் எழுதாமல் விட்ட மீதி, பெங்களூரிலிருந்து கொண்டுவந்த அந்த ஜெராக்ஸ் கட்டில் வேறொருவர் பெயரில் இருந்தது.