பச்சைக் காயை ஒதுக்கிய மிஷின்

எனக்கு எதையும் நம்புற பழக்கம் கிடையாது. நான் எழுதுன புரோகிராமையே நம்ப மாட்டேன், அடுத்தவன் எழுதுனதை எங்க நம்புறது? காலேஜுல கம்ப்யூட்டர் வரலாறு நடத்துன மேடம் ஒரு சேதி சொன்னாங்க. நாம எழுதுறதை மிஷினுக்குப் புரியற மாதிரி மாத்தித் தர்ற கம்பைலருக்குள்ளயே கள்ளச்சாவியை ஒளிச்சு வைக்கலாம்னு, அந்தக் காலத்துலயே பெரிய ஆள் ஒருத்தர் காட்டினாராம். நாம வரி வரியாப் படிச்சாலும் கண்ணுல படாதாம். அன்னைக்குப் பிடிச்ச பயம் இன்னும் விடல.

படிச்சு முடிச்சதும் போடியில ஒரு ஏலக்காய் குடோன்ல வேலை. மலையிலருந்து ஜீப்புல இறங்குற காயைக் கேமரா பாத்து, பச்சையை ஒரு பக்கமும் வெளுத்ததைக் கழிவுப் பெட்டிக்கும் தள்ளுற மிஷின் வாங்கியிருந்தாரு மொதலாளி. நம்ம ஊருக் காயோட நிறத்தை அதுக்குப் பழக்குறது என் சோலி. அதே குடோன்லதான் எங்க அம்மா கையால காய் பொறுக்குது. அந்தக் கூலியிலதான் என்னைப் படிக்க வச்சுச்சு. மிஷின் நல்லா ஓடிட்டா பொறுக்குற பொம்பளைகளுக்கு வேலை இருக்காது. எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயைத் தொறந்து சொல்லல.

ஆயுதபூசைக்கு முந்துன நாள் புரோகிராமைத் திருத்தி ஏத்திட்டு வீட்டுக்குப் போயிட்டேன். பூசை கழிஞ்சு வந்து மிஷினைப் போட்டா, எட்டு மில்லிமீட்டர் பருமன் உள்ள முதல் தரப் பச்சைக் காயெல்லாம் கழிவுப் பெட்டியில விழுது. மொதலாளி பெட்டியைப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு, முறத்தோட உக்காந்திருந்த அம்மாவையும் பாத்தாரு. பெறகு என் பக்கம் திரும்புனாரு.

"ஏம்மா, நீ கை வைக்கிற வரைக்கும் நல்லாத்தான ஓடுச்சு. ஆத்தா பொழப்பு போயிருமேன்னு எதுவும் செஞ்சு வச்சியா? அப்படின்னா சொல்லிரு. வெளிய தெரிஞ்சா இந்த ஊர்ல ஒருத்தரும் ஒன்னைய வேலைக்குச் சேக்க மாட்டாக."

எனக்குக் கோவம் வந்துச்சு. அவர் எடத்துல இருந்தா நானும் அதைத்தான் நெனைச்சிருப்பேன், அதனால கூடுதலாக் கோவம்.

என் திருத்தத்தை எடுத்துட்டுப் பழசை ஏத்துனேன். அப்பவும் அதே கூத்து. சரி, அடியில எதோ இருக்கு. நான் எழுதுனது பைத்தான் மொழியில. அதுக்கு அடியில சி. அதுக்கும் அடியில அசெம்பிளி, அதுக்கும் கீழ வெறும் சுழியமும் ஒண்ணும். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு காலத்துல எவனெவனோ எழுதி வச்சுட்டுப் போனது. இதுல எவனைப் பிடிச்சுக் கேக்க? பெறகு பொம்பளைக மேல சந்தேகம் திரும்புச்சு. யாராச்சும் ஒயரை உருவியிருப்பாகளோ? கடைசியில அம்மாகிட்டயே கேட்டேன்.

"அதுக்குச் சுவிட்சு எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது"ன்னுச்சு. நான் நம்பல.

வேற வழியில்லாம, கேமரா எடுக்குற படத்தைத் தெரையில போட்டுப் பாத்தேன். காய் பூராவும் மஞ்சளா இருக்கு. மேல்மூடியைக் கழட்டுனா, கேமராவுக்கு முன்னாடி இருக்க கண்ணாடியில சந்தனம். நடுவுல குங்குமம் வேற. பூசையன்னைக்கு மொதலாளி தராசுக்கு, ஜீப்புக்கு எல்லாம் பொட்டு வச்சிருக்காரு. மிஷினுக்கு நெத்தி எதுன்னு தெரியாம மூடியைத் தொறந்து கண்ணுலயே வச்சுட்டாரு. அது வழிஞ்சு கண்ணாடி முழுக்கப் பூசி நின்னுச்சு.

பக்கத்துல யாருமில்ல. மூடியைத் திருப்பி மாட்டிட்டு, எனக்குப் பிடிபடலன்னு சொல்லியிருந்தா அம்மா வேலை தப்பிச்சிருக்கும். ஆனா நான்தான் களவாணின்னு ஊரு பேசும். என்னால முடியல. மொதலாளியைக் கூப்பிட்டுக் காட்டி, அவர் கண்ணு முன்னாடியே தொடைச்சேன். சிரிச்சுட்டாரு. "தப்பா நெனைச்சுட்டேன் தாயி"ன்னாரு. மிஷின் பச்சையைப் பச்சையாவே தள்ளுச்சு.

அந்த வாரக் கடைசியிலயே, பொறுக்குற பொம்பளைகளை இனிமே வர வேண்டாம்னு சொல்லிட்டாக.

அன்னைக்கு ரெண்டு பேரும் வீட்டுக்கு நடந்து வந்தோம். பஸ் ஸ்டாண்டு தாண்டுனதும் அம்மா கேட்டுச்சு.

"ஏத்தா, அந்தச் சந்தனத்தை நீ காட்டாம இருந்திருந்தா அவருக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது."

"தொடைச்சா என் வேலை போகும்னு ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியும்மா."

"அவரு ஒன்னையச் சந்தேகப்பட்டப்ப, எம் மக எனக்காகத்தான் செஞ்சிருக்கான்னு நெனைச்சேன்த்தா"ன்னு சொல்லிட்டு, எனக்கு முன்னாடி நடந்துச்சு.