அத்தை வழியாக ஒரு குதிரைப் பாடம்

எனக்கு வாய் அதிகம். கம்பத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வாழைக்காய் மண்டிக்காரர் முதல் பஸ் கண்டக்டர் வரை என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் குறைவு. ஆனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் மாமனாரிடம் மட்டும் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. மனஸ்தாபமெல்லாம் இல்லை, அந்த வீட்டு வழக்கம் அப்படி. சொந்தத்தில் கட்டிக்கொடுத்திருந்தால் சின்ன வயதிலேயே மாமா தோளில் ஏறி சவாரி செய்திருப்பேன். நான் அசலிலிருந்து வந்த மருமகள். அதனால் எனக்கும் அவருக்கும் நடுவே எல்லாப் பேச்சும் அத்தை வழியாகத்தான் போய் வரும்.

மாமா கை நீட்டினால் தொடும் தூரத்தில் உட்கார்ந்திருப்பார். நான் அத்தையைப் பார்த்து, "காபி ஆறுதுன்னு சொல்லுங்கத்தை" என்பேன். அத்தை அந்தப் பக்கம் திரும்பி, "காபி ஆறுதாம்" என்பார். "சீனி கம்மியாப் போடச் சொல்லு" என்பார் மாமா. அது என் காதில் நன்றாகவே விழும். இருந்தாலும் அத்தை என் பக்கம் திரும்பி ஒருமுறை சொல்லுவார். சொல்வதையும் சும்மா சொல்ல மாட்டார், கூடக் கொஞ்சம் சேர்த்துத்தான் சொல்லுவார்.

"சீனி கம்மியா வேணுமாம். விசேச வீட்டுல லட்டை அள்ளி அள்ளித் தின்னப்ப அந்த நெனப்பு வரல."

இந்த ஏற்பாடு எங்களுக்குப் பழகிவிட்டது. குதிரை வந்து கெடுக்கும் வரை ஒரு குறையும் இல்லை.

கூடலூர்ப் பக்கம் திராட்சைத் தோட்டம் பார்க்கக் கேரளாவிலிருந்து காரில் கூட்டம் வரும். அவர்களுக்காக ஒருவர் தோட்டத்தை ஒட்டிக் குதிரை சவாரி வைத்திருந்தார். அங்கே டிக்கெட் கிழிக்கும் வேலைக்குத்தான் நான் போனேன். டிக்கெட் கிழித்த நேரம் போக மிச்ச நேரத்தில் குதிரைகளோடு பழகி, ஏறிப் பழகி, விழுந்தும் பழகி, கடைசியில் கயிறு பிடித்து ஆட்களை ஏற்றி நடத்துவதே என் வேலையாகிவிட்டது. ஏறினவர்கள் எல்லாம் அரிசி மூட்டை மாதிரி உட்கார்ந்துவிட்டு இறங்கிப் போனார்கள். இவர்களுக்கு ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தால் என்ன என்று எனக்குள் ஒரு ஆசை வந்தது. வந்த ஆசை போகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு செய்தி கண்ணில் பட்டது. குதிரையேற்றம் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளராக விரும்பும் பெண்களுக்கு வெளியூர் அறக்கட்டளை ஒன்று உதவி செய்கிறது. பயிற்சிக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, கைச்செலவுக்கும் கொஞ்சம் என்று எல்லாமே அவர்கள் பொறுப்பு. கோயம்புத்தூர்ப் பக்கம் ஆறு மாதம் தங்கிப் படிக்க வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை. நாம் இருக்கும் இடத்துக்கே ஆள் வந்து பார்ப்பார்கள். அவர்கள் கண்முன்னால், குதிரையே ஏறாத ஒருவருக்கு ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அது சரியாக அமைந்தால் இடம் உண்டு, இல்லையென்றால் கயிறு பிடித்துக்கொண்டே கிடக்க வேண்டியதுதான்.

சொந்தக்காரர்களிடம் சொன்னேன். "குதிரைக்கு நீ என்னத்தச் சொல்லிக்குடுக்கப் போற? அதுக்குத்தான் ஓடத் தெரியுமே" என்றார் என் சித்தப்பா. நான் குதிரைக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, மேலே உட்காருகிறவருக்குத்தான் என்று விளக்கினேன். "ஏறி உக்காந்தவனுக்கு எதுக்கு வாத்தியாரு, குதிரைதான போகுது" என்றார். எனக்குச் சுள்ளென்று வந்தது.

அந்தப் பாடத்துக்கு மாணவியாக, கம்பத்தில் துணிக்கடையில் வேலை பார்க்கும் என் தோழியைப் பிடித்து வைத்திருந்தேன். என் வீட்டுக்காரருக்கு அந்தத் தகுதி இல்லை. அவரை எப்போதோ குதிரை மேல் ஏற்றிப் பார்த்தாயிற்று. தவிர, ஆள் பார்க்க வந்த அன்றைக்கு அவர் எஸ்டேட்டுக்கு ஜீப்பில் ஆள் ஏற்றிக்கொண்டு மலை ஏறிவிட்டார். அறக்கட்டளை மேடம் சொன்ன நேரத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தோழியும் வந்தாள். குதிரைக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்தாள். அது வாலைத் தூக்கி, செய்ய வேண்டியதைச் செய்தது.

"இன்னைக்குச் சனிக்கிழமைல்ல. குச்சனூர்க் கோயிலுக்கு நேந்திருந்தேன், மறந்தே போச்சுடி" என்று சொல்லிவிட்டு அவள் போயே போய்விட்டாள்.

மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "வேற யாராவது இருக்காங்களா? இல்லன்னா நான் கிளம்பறேன். அடுத்த ஊர்லயும் ஒரு பொண்ணு காத்திருக்கு."

சரியாக அப்போதுதான் மாமா மொபெட்டில் அத்தையைக் கொண்டுவந்து இறக்கினார். மேடத்துக்கென்று அத்தை சாப்பாடு கட்டிக்கொண்டு வந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் தூக்குச்சட்டியைக் கீழே வைத்தார். மாமாவின் கையைப் பிடித்து, வகுப்பில் பிள்ளையின் கையைத் தூக்குவது போலத் தூக்கினார்.

"இவுக இருக்காகள்ல. இவுக குதிரை ஏறுனதே இல்ல."

மாமா ரேக்ளாப் பந்தயத்தில் மாட்டுவண்டி ஓட்டிய ஆள். வெளியூர்க்காரர் முன்னால் முடியாது என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினார். தலைத்துண்டின் மேலேயே ஹெல்மெட்டை மாட்டப் பார்த்தார். மாட்டவில்லை என்றதும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். முக்காலி போட்டு, வெள்ளை மட்டக்குதிரையின் மேல் ஏறி உட்கார்ந்தார்.

நான் நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறந்தேன். கழுத்து தானாக, வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அத்தையிடம் திரும்பியது.

"குதிகாலைக் கீழ இறக்கச் சொல்லுங்கத்தை."

"ஏங்க, குதிகாலைக் கீழ இறக்கணுமாம். கட்டில்ல உக்காந்து கால ஆட்டாதீகன்னு எத்தன வருசமாச் சொல்லுறேன், கேட்டீகளா."

"இறக்கித்தான் இருக்கு. இன்னும் இறக்குனா தரையில நின்னுருவேன்னு சொல்லு" என்றார் மாமா.

"தரையில நின்னுருவாகளாம்" என்றார் அத்தை என்னிடம்.

"பார்வை நேரா, குதிரையோட ரெண்டு காதுக்கு நடுவுல இருக்கணும்னு சொல்லுங்கத்தை."

"முன்னால பாக்கணுமாம். பக்கத்துத் தோட்டத்துல மோட்டார் ஓடுதான்னு அப்புறம் பாத்துக்கிடலாம்." அத்தை சொன்னது சரிதான். மாமா அந்த மோட்டாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

குதிரையை மெல்ல நடத்தினேன். இந்தக் கூத்தை மேடம் போனில் படம் எடுக்க ஆரம்பித்தார். எடுத்ததும் குதிரை நின்றுவிட்டது. வருகிறவர்கள் எல்லாம் அதன் மேல் உட்கார்ந்து போட்டோ எடுத்து எடுத்து, எங்கே போன் உயர்ந்தாலும் கழுத்தைச் சாய்த்து நிற்பது அதற்கு வழக்கமாகிப்போயிற்று. தட்டினாலும் நகராது, முடுக்கினாலும் நகராது. "மேடம், போனை இறக்குங்க, அது போஸ் குடுக்குது" என்று நான் கெஞ்ச வேண்டியிருந்தது.

மேடம் போனை இறக்கினார். ஆனால் முகம் நன்றாக இல்லை. "பாடம் நீங்க நடத்துறீங்களா, உங்க மாமியார் நடத்துறாங்களா? உதவித்தொகையை அவங்களுக்குத்தான் குடுக்கணும் போல. கயிறைக் கழட்டுங்க. அவர் தனியா ஒரு சுத்து வரட்டும். உங்க குரலைக் கேட்டு வரணும், உங்க குரலை." இந்த இடம் போனால் இன்னொரு இடம் எனக்கு எங்கே இருக்கிறது?

கயிற்றைக் கழற்றினேன். மாமா புறப்பட்டார். அந்தத் திடலுக்கு மூன்று பக்கம் வேலி, நாலாவது பக்கம் திராட்சைப் பந்தல். கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல். நடந்து போகிறவருக்குத் தலைக்கு மேல் இருக்கும், குதிரை மேல் இருப்பவருக்குச் சரியாகக் கழுத்துக்கு வரும். அந்தக் குதிரைக்கோ திராட்சைக் கொழுந்து என்றால் உயிர். பாதிச் சுற்றில் வளைவதை விட்டுவிட்டு அது நேராகப் பந்தலைப் பார்த்துப் போனது. மாமா, நான் சொல்லியிருந்தபடி குதிரையின் இரண்டு காதுக்கும் நடுவே மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, குனியச் சொல்லுங்க" என்றேன்.

அத்தை தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, சுண்டைக்காய்க் குழம்புக்கு எவ்வளவு புளி விட வேண்டும் என்று மேடத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, குனிங்க! குதிரை கழுத்தைக் கட்டிப் பிடிங்க!"

தோட்டமே கேட்கிற மாதிரிக் கத்திவிட்டேன். மாமா டபக்கென்று படுத்தார். கம்பி அவர் முதுகுக்கு மேலே போனது. குதிரையும் அவரும் பந்தலுக்குள் மறைந்தார்கள். அத்தை கையில் கரண்டியோடு அப்படியே நின்றார். ஒரு மருமகள் மாமனாரிடம் பேசிய முதல் வார்த்தை, குனி. இதைப் பிறந்த வீட்டில் எப்படிச் சொல்லுவது என்றுதான் முதலில் தோன்றியது.

பந்தலுக்குள்ளிருந்து குரல் வந்தது. "குனிஞ்சிட்டேன்த்தா. இனி என்ன செய்யணும்?"

அத்தையின் வாய் தானாகத் திறந்தது, மூடிக்கொண்டது. மாமா என்னைத்தான் கேட்டிருந்தார்.

"வலது கைக் கடிவாளத்தை மட்டும் மெல்ல இழுங்க மாமா. சுண்டாதீங்க, மாடு இல்ல அது."

"மாடுன்னா இந்நேரம் வீட்டுக்குப் போயிருக்கும்."

"பேசாதீங்க, இழுங்க. ஆங், அப்படித்தான். அது திரும்பிட்டா கையைத் தளத்துங்க."

குதிரை வெளியே வந்தது. மேலே மாமா படுத்தபடியே வந்தார், ஹெல்மெட்டில் ஒரு திராட்சைக் கொடி தொங்கியது. நிமிரச் சொன்னேன், நிமிர்ந்தார். நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினார். மறுபடி ஒரு சுற்று வரச் சொன்னேன். இந்த முறை பந்தல் பக்கம் வந்ததும் அவரே கடிவாளத்தை இழுத்து வளைத்தார். எனக்கு வாய் நிற்கவே இல்லை. பேசாமல் போன வருஷங்களுக்கெல்லாம் சேர்த்து அதட்டிவிட்டேன் போலிருக்கிறது. மனுஷர் ஒன்றுக்கும் முகம் சுளிக்கவில்லை.

இறங்கியபோது மாமாவின் கால்கள் அகன்று அப்படியே நின்றுவிட்டன. மேடம் எழுந்து வந்தார்.

"எனக்குத் திருப்தி. இடம் இவங்களுக்குத்தான். ஆனா ஆறு மாசம் வீட்டை விட்டு இருக்கணும். வீட்டுல சம்மதமா?"

மாமா பழக்கத்தில் அத்தையைப் பார்த்தார்.

"என்னைய ஏன் பாக்குறீக? இம்புட்டு நேரம் நேராத்தான பேசுனீக" என்றார் அத்தை, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

மாமா இடுப்புத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"போயிட்டு வாத்தா. நல்லாப் படி. எனக்கு அந்த எடது பக்கம் திருப்புறதுதான் இன்னும் பிடிபடல. வந்து சொல்லிக்குடு."

அத்தனை வாய் எனக்கு. ஆனால் கண்ணில் தண்ணீர்தான் வந்தது. அத்தை பக்கம் திரும்பினேன்.

"சரின்னு சொல்லுங்கத்தை."