மாமா கொடுத்த மடி

எனக்கு ஒன்பது வயதாகியும் காது குத்தவில்லை. இதில் என் தவறு எதுவும் இல்லை. எங்கள் வீட்டில் ஒற்றைப்படை வயதில்தான் காது குத்துவார்கள். அதுவும் குலதெய்வக் கோயிலில், தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான். ஒரு வயதில் குத்தலாம் என்றிருந்தபோது அம்மாவைப் பெற்ற தாத்தா இறந்துபோனார். மூன்று வயதில் எனக்கு அம்மை போட்டுவிட்டது. ஐந்து வயதில், ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலையிலிருந்த அப்பாவை எங்கோ வடக்கே மாற்றினார்கள். ஒரு வருடம் கழித்து, மாற்றியது தப்பு என்பதுபோலத் திரும்ப அனுப்பினார்கள். ஏழு வயதில் மாமாவால் கீழே உட்கார முடியவில்லை.

மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. ஆம்பூரில் எங்கள் தெருவிலேயே நான்கு வீடு தள்ளி இருந்தார். ஷூ கம்பெனியில் லாஸ்டிங் பிரிவில் வேலை. தைத்து வரும் மேல்தோலைக் கால் வடிவ அச்சின் மேல் இழுத்துப் பொருத்தும் வேலை அது. நாள் முழுக்க நின்றுகொண்டே செய்ய வேண்டும். முதலில் தொடை இடுக்கில் வலி என்றார். சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவினார்கள். அது போகவில்லை. பிறகு வலது காலை இழுத்து இழுத்து நடக்க ஆரம்பித்தார். சொந்தக்காரர்களில் சிலர், உள்ளுக்குள் குடிக்கிறான் போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். மாமா குடித்ததெல்லாம் டீதான். ஆனால் நொண்டுகிற ஒருவன் டீ குடித்து நொண்டுகிறான் என்றால் யார் நம்புவார்கள்?

கடைசியில் வேலூருக்குப் போய் ஸ்கேன் எடுத்தார்கள். இடுப்பு மூட்டுக்குள் பந்து போல ஒரு எலும்பு இருக்கிறது, அதற்கு ரத்தம் போகாமல் அது செத்துவிட்டது, அதை எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டும் என்றார்களாம். காரணம் என்ன என்று கேட்டதற்கு, சில பேருக்குக் காரணமே இல்லாமல் வரும் என்றாராம் டாக்டர். அம்மா இதைச் சொல்லி அழுதாள். எனக்கு விளங்காதது வேறு. எலும்பு செத்துப்போன ஒரு மனிதர் எப்படி எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஆறு இட்லி சாப்பிடுகிறார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷன் முடிந்து ஐந்தாம் நாள்தான் என்னை அழைத்துப் போனார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமா வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். பின்னாலேயே இன்னொருவர், அதே மாதிரி வாக்கரில். பக்கத்துக் கட்டில்காரர், வங்காளத்திலிருந்து வந்தவர். இருவருக்கும் ஒரே நாளில் ஒரே ஆபரேஷன். அவருக்குத் தமிழ் தெரியாது. மாமாவுக்குத் தமிழும், பாய்மார்களோடு வேலை செய்ததில் கொஞ்சம் உருதுவும். இருவரும் விரலைக் காட்டித்தான் பேசிக்கொண்டார்கள். அவர் மூன்று விரலைக் காட்டினால் மூன்று நடை முடித்துவிட்டார் என்று அர்த்தம். உடனே மாமா நான்காவது நடைக்குக் கிளம்பிவிடுவார். அத்தை தலையில் அடித்துக்கொண்டாள்.

"ரெண்டும் ஒன்ன ஒன்னு பார்த்துக்கினு நடக்குதுங்க அண்ணி. நர்சம்மா போதும்னு சொன்னாலும் கேக்கறதில்ல."

மாமா கட்டிலில் சாய்ந்ததும் என்னைக் கிட்டே கூப்பிட்டார். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்திருந்தார்களாம். வலி தெரியவில்லை, ஆனால் காது கேட்டுக்கொண்டிருந்ததாம்.

"சுத்தியால தட்டறாங்க பாப்பா. டக்கு டக்குன்னு. நம்ம கம்பெனில அச்சு மேல தோல ஏத்தி தட்டுவோமே, அதே சத்தம். யாரோ நல்லா வேல தெரிஞ்ச ஆளுதான் தட்றாருன்னு நெனச்சுக்கினு படுத்திருந்தேன்."

அவர் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அம்மா வெளியே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்த மாமாவோடு ஏகப்பட்ட சட்டங்களும் வந்தன. சம்மணம் போடக்கூடாது. குந்தக்கூடாது. கால்மேல் கால் போடக்கூடாது. தாழ்வான எதிலும் உட்காரக்கூடாது. குனிந்து கீழே விழுந்ததை எடுக்கக்கூடாது. தூங்கும்போது இரண்டு கால்களுக்கும் நடுவே தலையணை வைத்துக்கொள்ள வேண்டும். மீறினால் புது மூட்டு கழன்றுவிடும் என்று சொல்லியிருந்தார்கள். பிறந்ததிலிருந்து தரையில் உட்கார்ந்து சாப்பிட்ட மனிதர், கம்பெனி சூப்பர்வைசர் பாய் கொடுத்தனுப்பிய உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து, தட்டைக் கையில் ஏந்திச் சாப்பிட்டார். கக்கூஸில் நடுவே ஓட்டை போட்ட நாற்காலி வந்தது. காலையும் மாலையும் அத்தை எதிரே நின்று எண்ண, காலைப் பக்கவாட்டில் விரித்து விரித்து மடக்குவார். வலித்தால், "போதும்" என்று சொல்ல மாட்டார். கூரையைப் பார்த்து ஏதாவது சினிமாப் பாட்டை முணுமுணுப்பார். பாட்டு சத்தமாக வந்தால் அன்று வலி ஜாஸ்தி என்று அத்தை கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

எனக்கு இதிலெல்லாம் ஒரே ஒரு கவலைதான். பள்ளிக்கூடத்தில் என் வகுப்பில் காது குத்தாத பெண் நான் ஒருத்திதான். ஸ்டிக்கர் பொட்டை இரண்டு காதிலும் ஒட்டிக்கொண்டு போவேன். மத்தியானத்துக்குள் வியர்வையில் ஒன்று விழுந்துவிடும். இந்த வருடம் விட்டால் பதினொரு வயது வரை காத்திருக்க வேண்டும். அதுவரை ஒட்டிக்கொண்டிருக்கும் பொட்டு இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து நான்கு மாதமான சமயம், மாமா வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்திருந்தார். ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து என்று முடிவானது. கூடவே ஒரு யோசனையும் கிளம்பியது. காவேரிப்பாக்கத்தில் அம்மாவுக்கு ஒரு சித்தப்பா மகன் இருந்தார். நல்ல உடம்பு, நல்ல இடுப்பு. அவரும் முறைக்குத் தாய்மாமன்தானே, அவர் மடியில் வைத்துக் குத்திவிட்டால் என்ன என்று அப்பா கேட்டார். கேட்டதில் கெட்ட எண்ணம் இல்லை. மாமாவும் அப்போது அங்கேதான், பாயின் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"எதுக்கு மாமா?" என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டார். "நான் செத்தா போய்ட்டேன்? கீழ உக்காரக்கூடாதுன்னுதான சொன்னாங்க. இந்த ஸ்டூல கோயிலுக்கு எடுத்துக்கினு வர்றேன். மேல உக்காந்து மடி குடுக்கறேன். சாமி இன்னா ஸ்டூல் வாணாம்னா சொல்லப்போவுது?"

அப்பா ஸ்டூலைப் பார்த்துத் தலையாட்டினார். அன்று மாமாவும் அத்தையும் வீட்டுக்குத் திரும்பும்போது அத்தை மட்டும் வாசலில் நின்று அம்மாவிடம் மெல்லச் சொன்னாள். "இது எருமக்கன்னு மாதிரி வளந்துக்கினு இருக்குது அண்ணி. இத தூக்கி மடியில வெச்சா அந்த இடுப்பு இன்னா ஆவும்?"

அது எனக்குக் கேட்டுவிட்டது. எருமைக்கன்று என்றதில்கூட வருத்தமில்லை. என் எடையால் மாமாவின் புது எலும்பு உடைந்துவிடும் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த வாரம் அப்பாவோடு ஜோலார்பேட்டை போனபோது, ஸ்டேஷனில் விளக்கு சுற்றும் எடை மெஷினில் ஏறி நின்றேன். டிக்கெட்டில் இருபத்தொன்பது கிலோ என்று வந்தது. பின்பக்கம், உங்களுக்கு நல்ல காலம் பிறக்கும் என்று அச்சடித்திருந்தது. காதுகுத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. இருபது கிலோவுக்கு வந்துவிடுவது என்று தீர்மானம் செய்தேன்.

காலை இட்லியில் பாதி, தெரு நாய்க்குப் போனது. டிபன் பாக்ஸிலிருந்த சோறு சிநேகிதிகளுக்குப் போனது. இரவில் வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். நான்காம் நாள் காலை, பள்ளிக்கூட மைதானத்தில் பிரார்த்தனை நடந்துகொண்டிருந்தபோது எல்லாம் பச்சையாகத் தெரிந்தது. கண் விழித்தபோது டீச்சர் மேஜைமேல் கிடந்தேன். அம்மா வந்து, ஒரு கையால் குளுக்கோஸ் தண்ணீரைக் கொடுத்துக்கொண்டே இன்னொரு கையால் முதுகில் அடித்தாள். அழுகையோடு எல்லாவற்றையும் சொன்னேன்.

சாயங்காலம் மாமா கைத்தடியை ஊன்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு பை நிறைய மசால் வடை.

"இன்னா பாப்பா, என் இடுப்புக்காக பட்டினி கெடந்தியாமே?"

நான் அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"உள்ள வெச்சிருக்கறது இரும்பு மாதிரி. உன்னைப்போல நாலு பேரு ஏறி குதிச்சாலும் ஒன்னும் ஆவாது. சரி, அதுல உக்கார உனக்கு பயமா இருந்தா வாணாம். இதோ இருக்குது பாரு, எடது கால். இதுல டாக்டரு கையே வெக்கல. ஒரிஜினல் பீஸ். வா, இப்பவே உக்காந்து பாத்துடலாம்."

கட்டிலோரம் உட்கார்ந்து இடது தொடையைத் தட்டிக் காட்டினார். நான் மெதுவாக, கால் விரல்களைத் தரையில் ஊன்றியபடி உட்கார்ந்தேன். அவர் என் இரண்டு கால்களையும் தூக்கி, முழுப் பாரத்தையும் தன்மேல் போட்டுக்கொண்டார். "பாத்தியா? பஞ்சு மாதிரி இருக்குற. ரெண்டு வடை துன்னு" என்றார். பிறகு கூரையைப் பார்த்து ஏதோ பாட ஆரம்பித்தார். நான் ஐந்து வடை தின்றேன்.

இப்போது மாமாவுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. வருடத்துக்கு ஒருமுறை சோதனைக்கு வேலூருக்கு அவரோடு நான்தான் போகிறேன். போன தடவை காத்திருக்கும் இடத்தில் பொழுது போகாமல் அவருடைய பழைய கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தேன். இடது பக்க மூட்டும் கெட்டுவிட்டது, பந்து நசுங்க ஆரம்பித்துவிட்டது, சீக்கிரம் ஆபரேஷன் செய்ய வேண்டும், அதுவரை அந்தக் காலில் பாரம் தரக்கூடாது என்று ஒரு பக்கத்தில் எழுதியிருந்தது. இரண்டாவது ஆபரேஷன் நடந்தது எனக்குத் தெரியும்; காதுகுத்து நடந்த வருடமே, ஐப்பசியில். ஆனால் அந்தப் பக்கத்திலிருந்த தேதி காதுகுத்துக்குப் பதினெட்டு நாள் முந்தியது. அன்றைக்கு அவர் தனியாகத்தான் வேலூர் போய் வந்தார். எல்லாம் நல்லா இருக்குன்னாங்க என்று வீட்டில் சொன்னார்.

கோப்பைக் காட்டி அவரிடமே கேட்டேன்.

"சொல்லியிருந்தா இன்னா ஆவும்? காவேரிப்பாக்கத்துக்கு போன் போட்டிருப்பாங்க" என்றார். கோப்பை என் கையிலிருந்து வாங்கி மூடிக்கொண்டே, "அதில்லாம, வேற எந்தக் கால்ல உக்கார வெக்கறது? ஆபரேஷன் பண்ண கால்ல வெச்சா நீ பயப்படுவ" என்றார். அதற்குள் அவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

காதுகுத்து அன்று பாயின் ஸ்டூல் வேனில் எங்களோடு வந்தது. கோயில் வேப்பமரத்தடியில் அதைப் போட்டு, மேலே புது வேட்டியை மடித்து விரித்தார்கள். காவேரிப்பாக்கத்துக்காரரும் வந்திருந்தார், தேவைப்பட்டால் என்று பக்கத்திலேயே நின்றார். மாமா தடியை அத்தையிடம் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, இடது தொடையைத் தட்டினார். நான் பட்டுப்பாவாடையோடு ஏறி உட்கார்ந்தேன். இந்தத் தடவை கால் விரலை ஊன்றவில்லை.

ஆசாரி வலது காதைக் குத்தினார். எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. நான் அழவில்லை. சுற்றி நின்றவர்கள் மெச்சிக்கொண்டார்கள். ஆசாரி இடது பக்கம் திரும்பச் சொன்னார். நான், முதலில் கண்ணாடி வேண்டும் என்றேன். அம்மா, ரெண்டும் முடியட்டும் என்றாள். முடியாது என்றேன். ஒன்பது வருடம் காத்திருந்தவள் என்று எல்லோரும் சிரித்தார்கள். யாரோ வேனுக்குப் போய்த் தேடிப் பிடித்துக் கைக்கண்ணாடியைக் கொண்டுவந்தார்கள். அதுவரை நான் மாமாவின் தொடையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி வந்ததும் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து, வெயிலில் மின்னும் அந்த ஒற்றைத் தோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்ணாடி நிலையாக நிற்கவில்லை. எனக்குக் கீழே மாமாவின் தொடை ஆடிக்கொண்டிருந்தது. சின்ன வயதில் என்னை மடியில் வைத்துக் குலுக்கிக் குலுக்கி விளையாட்டுக் காட்டுவார். அதையேதான் இத்தனை பேருக்கு முன்னால் செய்கிறார் என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

"ஆட்டாத மாமா, நான் இன்னா கொழந்தயா?" என்றேன்.

"சரி பாப்பா, ஆட்டல" என்றார்.

சொன்னாரே தவிர, நிறுத்தவில்லை. இந்த மாமாவுக்கு எப்போதும் விளையாட்டுதான் என்று நினைத்துக்கொண்டு, கண்ணாடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து மறுபடியும் பார்க்க ஆரம்பித்தேன்.