மைதா இல்லாத கிறிஸ்துமஸ்

ஜெபமணி அக்கா போய்விட்ட செய்தி வந்தபோது நான் ஆவடி மார்க்கெட்டில் முருங்கைக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். அவருடைய கணவர் தேவசகாயம் அண்ணன்தான் போன் செய்தார். "வசந்தா, உங்க அக்கா போயிட்டாம்மா. சர்ச்சுக்குக் கிளம்பி உக்காந்திருந்தா, அப்படியே சாஞ்சிட்டா" என்றார். காய்களைக் கூடையிலேயே வைத்துவிட்டு நடந்தேன். விலை பிடிக்காமல் போகிறேன் என்று நினைத்த கடைக்காரம்மா குறைத்துத் தருவதாகப் பின்னாலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

கோவில்பதாகையில் எங்கள் தெருக்காரர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உடன்குடிப் பக்கத்துக்காரர். அண்ணனுக்கு ஃபேக்டரியில் வேலை என்பதால் வெகுகாலம் குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு எங்கள் தெருவில் வீடு கட்டி வந்தார்கள். வந்த வருடமே கிறிஸ்துமஸ் காலையில், பூவேலை செய்த துணியால் மூடிய தட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் போனது. கேக், மைதாவில் பொரித்த கலகலா, முறுக்கு. வாசலில் நின்று நாம் ஒரு வாய் தின்பதைப் பார்த்த பிறகுதான் அடுத்த வீட்டுக்கு நகர்வார். அதில் அவருக்கு அப்படி ஒரு பிடிவாதம்.

அந்தப் பிடிவாதத்துக்கு இடைஞ்சலாக வந்தது என் வயிறு. நெடுநாள் உபாதைக்குப் பிறகு, கோதுமையில் இருக்கும் குளூட்டன் என் குடலுக்கு ஆகாது, இனி ஆயுளுக்கும் கோதுமை, மைதா, ரவை எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தமிழ்நாட்டில் இந்த வியாதிக்கு யாரும் இரக்கப்படுவதில்லை. அதான் சோறு இருக்கே, இட்லி இருக்கே என்பார்கள். இரக்கப்படுகிறவர்களை எனக்கும் பிடிக்காது என்பதால் அது வசதியாகவே இருந்தது. கிறிஸ்துமஸ் தட்டை மட்டும் வாங்கி, பக்கத்து வீட்டு மூர்த்தியிடம் கொடுத்துவிடுவேன். ஷேர் ஆட்டோ ஓட்டும் மூர்த்திக்கு இரண்டு பங்கு கேக்.

சோறே தின்றும் எனக்குக் குணமாகவில்லை. அக்காதான் ஒருநாள் என் சமையலறைக்குள் புகுந்து டப்பாக்களையெல்லாம் திருப்பித் திருப்பிப் படித்தார். கடைசியில் பெருங்காய டப்பாவை என் மூக்குக்கு நேராக நீட்டினார். பொடியோடு கோதுமை மாவு கலந்திருந்தது. நான் நாள்தோறும் சாம்பாரில் போட்டுத் தின்றுகொண்டிருந்தேன். "முன்பக்கம் பூரா பெருமைதான் இருக்கும் பிள்ள. உண்மைய பின்பக்கம் பொடி எழுத்துல போட்டிருப்பான்" என்றார். அன்றிலிருந்து அவர் எதை வாங்கினாலும் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார். மளிகைக் கடைக்காரர் இதற்காகவே அவரைக் கண்டால் உள்ளே போய்விடுவார்.

அதே வாரம், எனக்கென்று ஓட்ஸ் பிஸ்கட் சுடப்போவதாக அறிவித்தார். என் வீட்டுப் பண்டம் உன் வாயில் படாமல் நான் கண்ணை மூடமாட்டேன் என்றார். சாதாரண ஓட்ஸ் கோதுமையோடு சேர்ந்தே அரவைக்குப் போகும், அது உதவாது என்று விசாரித்து, குளூட்டன் இல்லை என்று போட்ட பாக்கெட்டை மகனிடம் சொல்லி வரவழைத்தார். சீனியை அவர் வீட்டுக்குள் சேர்ப்பதில்லை. "வெள்ளைச் சீனிக்கு இனிக்கத்தான் தெரியும், மணக்கத் தெரியாது" என்பார். ஊரிலிருந்து வரும் கருப்பட்டிதான். அதைக் கரைத்து மண் போக வடிகட்டி, பாகாக்கி, சூட்டோடு வெண்ணெயில் ஊற்றியதில் முதல் தடவை பிஸ்கட் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, தட்டு முழுக்க ஒரே பிஸ்கட்டாக வந்தது. அடுத்த தடவை பிடிப்பே இல்லாமல் உதிர்ந்தது. பால் ஊற்றிக் கஞ்சியாகக் குடித்தோம். பிறகு ஓட்ஸில் பாதியைப் பொடித்து, பாகை ஆறவிட்டு, முட்டை சேர்த்துப் பிசைந்து, மாவை ஃபிரிட்ஜில் இறுகவைத்துச் சுட்டார். ஓரம் மொறுமொறுவென்றும் நடுவில் மெத்தென்றும், தெரு முனை வரை மணத்தது. இரண்டு தின்றேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலமே படுத்துவிட்டேன்.

எல்லாம் சரியாகச் செய்தும் எங்கே தப்பியது என்று அவரே யோசித்துக் கண்டுபிடித்தார். தட்டில் வெண்ணெய் தடவியதும் மைதாவைத் தூவித் தட்டுவது அவர் கைக்கு ஆயுள் பழக்கம். தட்டியிருக்கிறார். தட்டியதே தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க வந்தவர் வாசலோடு திரும்பிப் போனார். அதன் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வருவதே குறைந்தது. எனக்கு வயிற்று வலியைவிட அதுதான் பெரிய வலி. போய்க் கூப்பிட்டேன். இன்னொரு தடவை செய்யுங்கள், தைரியமாகத் தின்கிறேன் என்றேன். வேண்டாம் பிள்ள என்று மட்டும் சொன்னார்.

டிசம்பர் வந்தது. இந்த வருடம் என் வாசலைத் தாண்டிப் போய்விடுவார் என்றே நினைத்தேன். கிறிஸ்துமஸ் காலையில் முதல் தட்டு என் வீட்டுக்குத்தான் வந்தது. துணியை எடுத்தால் ஓட்ஸ் பிஸ்கட். நான் தயங்கியதைப் பார்த்துவிட்டு, "பயப்படாம தின்னு. தனியா ஒருத்திக்குன்னு செஞ்சா கை தப்பு பண்ணும். வீட்டுல மைதாவே இல்லன்னா கை எங்க போவும்?" என்றார். மாவு டப்பாக்களை ஒழித்து, தட்டெல்லாம் புதிதாக வாங்கியிருந்தார். கேக் கிடையாது, கலகலா கிடையாது. தெரு முழுக்க, எல்லா வீட்டுக்கும், எனக்குக் கொடுத்த அதே பிஸ்கட்.

தெருவுக்கு ஏமாற்றம். இரண்டு பங்கு கேக்கை இழந்த மூர்த்திக்குத்தான் அதிகம். "இன்னாக்கா, குதிரைக்குப் போடறத எங்களுக்குக் குடுத்துகீறீங்க" என்று வாசலிலேயே கேட்டுவிட்டார். அக்கா விடவில்லை. "உன் ஆட்டோ வாரம் ஒருக்கா நிக்குதுல்லா. குதிரை நின்னு பாத்திருக்கியா?" என்றார். நான் என் வாசலில் நின்று தின்றுகொண்டே சிரித்தேன். வயிறு ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு ஒவ்வொரு வருடமும் அதுதான். சர்க்கரை நோயாளியான அண்ணன், கருப்பட்டிதானே என்று கை நீட்டுவார். கருப்பட்டியும் சர்க்கரைதான், ஒன்றோடு எழுந்திருங்கள் என்று அக்கா டப்பாவை மூடுவார். நிறைவான மனுஷி. நினைத்ததைச் செய்துவிட்டுப் போனார்.

அடக்கம் முடிந்த மறுநாள் அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். மூர்த்தி எல்லோருக்கும் டீ கொடுத்தார். பிஸ்கட் தட்டு என்னிடம் வரும்போது சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார். கரண்ட் பில்லைக்கூடப் படிக்காத ஆள், பாக்கெட்டைத் திருப்பி, கையை நீட்டித் தள்ளிப் பிடித்து, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தார்.

"நீ எடுக்காதக்கா, இதுல மைதா கீது."

துக்க வீட்டில் அதுவரை அழாமல் இருந்த நான் அப்போதுதான் அழுதேன்.

கிளம்பும்போது தேவசகாயம் அண்ணன், அக்கா பிஸ்கட் சுட்ட அந்தத் தட்டுகளை என்னிடம் கொடுத்தார். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவற்றையும், என் வயிற்றை அறிந்த ஒரு தெருவையும். டிசம்பரில் யார் பிஸ்கட் தருவார்கள் என்று மூர்த்தி கேட்டார். குதிரைத் தீனிதான், என் வீட்டிலிருந்து கிடைக்கும் என்றேன்.

"எனக்கு ரெண்டு பங்குக்கா" என்றார்.