லோக்கோ மாமா சொல்லச் சொன்னது

அந்தத் துப்பாக்கி எங்கள் வீட்டுக்குள் வந்தபோது ஒரு பூப்போட்ட படுக்கைவிரிப்பில் சுற்றப்பட்டிருந்தது. அப்பா அதைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து விரிப்பை மெதுவாக விலக்கினார். நான் எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது. பழுப்பு மரக்கட்டையில் தோள் படும் இடம் மட்டும் வழவழத்துக் கறுத்திருந்தது. பல வருடங்களாக வேறொருவர் தோள் பட்ட இடம் அது. அப்பா அங்கே உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு வெகுநேரம் நின்றார். அம்மா இறந்த பிறகு அவர் முகத்தில் நான் அப்படியொரு நிறைவைப் பார்த்ததில்லை.

துப்பாக்கியின் சொந்தக்காரர் எங்களுக்கு ரத்த உறவு இல்லை. சர்க்கரை ஆலைக்குக் கரும்பு இழுக்கும் குட்டி ரயிலை ஓட்டியவர், அதனால் ஊரில் எல்லோருக்கும் லோக்கோ மாமா. ஃபிஜியில், நடபுவாவுக்கு மேலே, மலை ஏறத் தொடங்கும் இடத்தில் எங்கள் குத்தகைக் கரும்பு நிலம். தண்டவாளம் நிலத்தின் ஓரமாகவே போனது. வண்டி எங்கள் எல்லைக்கு வரும்போது மாமா இரண்டு முறை ஊதுவார். அப்பா வெட்டுக்கத்தியை உயர்த்திக் காட்டுவார். அறுவடை இல்லாத மாதங்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா துப்பாக்கியோடு வருவார். கரும்பையும் மரவள்ளியையும் நாசம் செய்யும் காட்டுப்பன்றிகள் மலையிலிருந்து இறங்கும் தடம் அவருக்குத் தெரியும். காதருகே பட்டால் எந்தப் பன்றியும் விழும் என்பார், விழவும் செய்யும். அப்பா கூடவே நடந்துபோய்க் கூடவே திரும்புவார். ஒருமுறைகூட, "நான் ஒரு தடவ சுட்டுப் பாக்கட்டா?" என்று அவர் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மாமா கொடுத்திருப்பார். ஆசைப்பட்டதைக் கேட்டு வாங்குவது அப்பாவுக்குக் கடைசிவரை வராத ஒன்று.

ராணுவம் ஆட்சியைப் பிடித்த ஆண்டில் எங்கள் சாலையில் வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகத் தொடங்கின. முதலில் வாத்தியார்கள் போனார்கள், பிறகு கணக்கர்கள், பிறகு கையில் தொழில் உள்ள எல்லோரும். என் அண்ணன் சிட்னிக்குப் போனான். போன மாதமே, அப்பாவையும் என்னையும் அழைத்துக்கொள்ளும் ஏற்பாட்டைப் பற்றிக் கடிதம் எழுதினான். எனக்கு இருபத்துநான்கு வயது. லௌடோகாவில் ஒரு அலுவலகத்தில் தட்டச்சு வேலை. போகவேண்டும் என்று நான் மனப்பூர்வமாக விரும்பினேன். அப்பா பிடிகொடுக்கவில்லை. "பன்னி வந்து கரும்பத் தின்னுது, அத மொதல்ல பாக்கணும்" என்பார். தப்பித்துக்கொள்ள ஒரு சாக்கு என்றே நினைத்தேன். அது அவருக்கு உண்மையான கவலைதான் என்று பின்னால் தெரிந்தது.

இரண்டு ஆண்டு கழித்து லோக்கோ மாமாவின் மகள் கனடாவிலிருந்து அவருக்கும் அத்தைக்கும் விசா வாங்கிவிட்டாள். மாமா எங்கள் வீட்டுக்கு வந்து யாங்கோனா வேர்ச்சாறு குடித்துக்கொண்டே, பேச்சோடு பேச்சாக, துப்பாக்கியை நீயே வாங்கிக்கொள் என்றார். அப்பா பேரம் பேசவில்லை. குழாய்க்குள் பார்க்கவில்லை. ஒரு குண்டு போட்டுச் சுட்டும் பார்க்கவில்லை. இருவரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் லைசென்ஸைப் பெயர் மாற்றி வந்தார்கள். சாலையில் சிப்பாய்கள் குறைந்திருந்தார்கள், ஆனால் பயம் குறையவில்லை. அதனால்தான் அந்தப் பூப்போட்ட விரிப்பு.

மாமா புறப்பட்ட நாள் நாந்தி விமான நிலையத்தில் ஏகப்பட்ட கூட்டம். ஒருவரை வழியனுப்ப இருபது பேர் வந்திருந்தார்கள். எங்கே திரும்பினாலும் யாராவது யாரையாவது கட்டிக்கொண்டு அழுதார்கள். அப்பா அழுவதை யாரும் பார்க்கக்கூடாதென்று ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அப்போது மாமா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"பாப்பா, ஒரு சங்கதி. போன மாசம் அந்தத் துப்பாக்கி டிரக்குலேர்ந்து கீழ உழுந்துடுச்சு. முன்னாடி குறி பாக்கற முள்ளு கொஞ்சம் நவுந்துக்கிச்சு. தட்டிப் பாத்தேன், முழுசா சரியாவல. குண்டு எடது பக்கமா போவுது. ஒரு வெரல் அளவு வலது பக்கம் புடிச்சு சுடச் சொல்லு, தப்பாது. உங்கப்பா மொகத்தப் பாத்து எனக்குச் சொல்ல வாய் வரல. நீ சொல்லிடு, என்ன?"

சொல்கிறேன் என்றேன். மாமா என் தலையைத் தொட்டுவிட்டு உள்ளே போனார்.

நான் சொல்லவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் டாக்சியில் அப்பா துப்பாக்கியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். சினேகிதன் போன துக்கத்தை அவர் அப்படித்தான் தாங்கிக்கொண்டார். அந்த நேரத்தில் அதில் ஒரு குறை இருக்கிறது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதுவரைக்கும் என்னை மன்னிக்கலாம். ஆனால் வீட்டு வாசலில் இறங்கும்போது அவர் சொன்னார்: "இனிமே என்னா பயம்? பன்னிய நானே பாத்துக்குவேன். அண்ணனுக்கு எழுதிப்போடு, அப்பா எங்கயும் வர்றதா இல்லன்னு." அந்த நிமிடத்தில் என் வாய் தானாக மூடிக்கொண்டது. துப்பாக்கி சரியாகச் சுடாவிட்டால் அப்பா சலித்துப்போவார், நிலத்தை விட்டுவிடுவார், நாங்கள் சிட்னிக்குப் போய்விடலாம். இதை நான் உட்கார்ந்து திட்டமிடவில்லை. ஆனால் நினைத்தேன். நினைத்தது நினைவிருக்கிறது.

அப்பா வேலிக் கம்பத்தின்மேல் ஒரு பால் டின்னை வைத்துச் சுட்டுப் பழகினார். டின் அசையவில்லை. லைசென்ஸுக்கு இத்தனை என்று குண்டுகளை அளந்துதான் கொடுப்பார்கள், அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்றுக்குமேல் சுடமாட்டார். படாத குண்டு எந்தப் பக்கம் போனது என்று புல்லுக்குள் போய்ப் பார்க்க முடியாது. முதல் சில வாரம் தன் கைமேல் பழி போட்டார். பிறகு கண்மேல். நகரத்துக்குப் போய்க் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். அப்போதும் டின் அசையவில்லை. துப்பாக்கியைக் குண்டு விற்கும் கடைக்காரரிடம் எடுத்துப் போனார். அந்த ஆள் குழாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்துவிட்டு, உள்ளே சுத்தமாக இருக்கிறது, பழுது ஒன்றும் இல்லை, வயசாகிறது இல்லையா என்றாராம். அப்பா அதை என்னிடம் சொல்லிவிட்டுச் சிரிக்க முயன்றார்.

ஒரு மாலை பன்றி ஒன்று மரவள்ளித் தோட்டத்துக்குள் வந்தது. இருபதடி தூரம் இருக்கும். அப்பா சுட்டார். அது அலறிக்கொண்டு ஓடைப்பக்கம் பாய்ந்தது. இலைகளில் ரத்தம் இருந்தது. அந்த ரத்தத் தடத்தைப் பின்தொடர்ந்து இரண்டு நாள் அலைந்தார், பன்றி கிடைக்கவில்லை. "எங்கயோ கெடந்து சாவுது, நான் பண்ண பாவம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்தார். அன்றைக்கு முதல்முறையாக அந்தக் கேள்வியைக் கேட்டார். "தெரிஞ்சே குடுத்துட்டானோ?"

நான் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

சில வாரத்தில் மாமாவின் முதல் கடிதம் வந்தது. அவருக்குத் தெரிந்த தமிழில், கோணல்மாணலான எழுத்தில், பனியைப் பற்றியும் மகள் வீட்டு அடுப்பைப் பற்றியும் எழுதியிருந்தார். அப்பா என்னைப் படிக்கச் சொன்னார். கடைசி வரி, "துப்பாக்கி இப்போது நேராகச் சுடுகிறதா?" என்றிருந்தது. நான் சொல்லியிருப்பேன் என்ற நம்பிக்கையில் எழுதிய வரி. அப்பாவின் முகம் மாறிவிட்டது.

"நக்கல் பண்றான் பாரு" என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கவேண்டும். கடிதம் என் கையில் இருந்தது, அப்பா எதிரில் இருந்தார். ஆனால் சொல்லாமல் விட்ட மூன்று மாதத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டியிருந்தது. கண்ணாடியையும் பன்றியையும் சேர்த்துச் சொல்லவேண்டியிருந்தது. கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தேன். அப்பா பதில் எழுதச் சொல்லவில்லை. மேலும் இரண்டு கடிதம் வந்தது, பிறகு தீபாவளி வாழ்த்து மட்டும், பிறகு அதுவும் நின்றது. துப்பாக்கி அலமாரிக்குள் போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா எங்கும் போகாமல், யாரையும் வரச்சொல்லாமல், வானொலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முப்பது வருட சினேகிதனே ஏமாற்றிவிட்டான் என்று ஆனபிறகு மற்றவர்களை நம்ப அவருக்குத் தெம்பில்லை. புதிதாக வந்த லோக்கோ டிரைவர் ஊதாமலே எங்கள் எல்லையைக் கடந்து போவார்.

சிட்னிக்கும் போகவில்லை. அந்த நிலையில் அவரைத் தனியாக விட்டுவிட்டு என்னாலும் போக முடியவில்லை. அண்ணன் அனுப்பிய படிவத்தின் காலம் முடிந்துபோனது.

எட்டு வருடம் கழித்து அத்தையின் கடிதம் வந்தது. மாமா தூக்கத்திலேயே போய்விட்டார். நான் படித்து முடித்தபோது அப்பா முற்றத்தில் மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைக்கவில்லை. தோல் நீளமாக இறங்கிக்கொண்டே இருந்தது. நான் எதிரில் உட்கார்ந்து, விமான நிலையத்தில் மாமா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

அப்பா கையிலிருந்த கிழங்கைச் சீவி முடித்துப் பாத்திரத்தில் போட்டார். பிறகு, "எந்தப் பக்கம்னான்?" என்று கேட்டார்.

"எடது பக்கம் போவுதாம். வலது பக்கம் புடிக்கணுமாம்."

"ஏன் சொல்லல?"

"துப்பாக்கி சரியில்லன்னா நீங்க சிட்னிக்கு வருவீங்கன்னு நெனச்சேன்பா."

அப்பா என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நான் அப்பவும் வந்திருக்கமாட்டேனே பேட்டி" என்றார். மகளே என்று செல்லமாகக் கூப்பிட மட்டும் அவருக்கு இந்தி வார்த்தை வரும். கிழங்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு பிற்பகல் அலமாரியைத் திறந்தார். துப்பாக்கியைத் துடைத்து, எண்ணெய் போட்டு, வேலிக்குக் கொண்டுபோனார். நான் சன்னலில் நின்றேன். ஒரே ஒரு வெடிச்சத்தம். டின் கம்பத்திலிருந்து பறந்து கரும்புக்குள் விழுந்தது. அப்பா அதை எடுக்கப் போகவில்லை. துப்பாக்கியை மடியில் போட்டுக்கொண்டு புல்மேல் உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் போனபோது, "சரியாத்தான் சொல்லியிருக்கான்" என்றார். அவர் தோள் குலுங்கியது. தொடலாமா என்று தயங்கித் தொடாமலே நின்றேன்.

இரண்டாயிரத்தில் தலைநகர் சுவாவில் மறுபடியும் ஆட்சி கவிழ்ந்தபோது, லைசென்ஸ் உள்ளவர்களும் துப்பாக்கியை ஒப்படைக்கவேண்டும் என்றார்கள். ஸ்டேஷனில் இருந்த ஃபிஜிக்கார இளம் கான்ஸ்டபிள் மரியாதையாக நாற்காலி போட்டு, துப்பாக்கியின் நிலைமை எப்படி, பழுது ஏதும் உண்டா என்று இந்தியில் கேட்டு எழுதிக்கொண்டார். அப்பா குறிமுள் நகர்ந்திருப்பதை விளக்கி, எந்தப் பக்கம் எவ்வளவு பிடிக்கவேண்டும் என்று விரலைக் காட்டிச் சொன்னார். அது எழுதப்படும்வரை எழுந்திருக்கவில்லை. அவர் யாரையும் குத்திக்காட்டவில்லை. நான்தான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நிலத்தின் குத்தகை முடிந்து புதுப்பிக்கப்படாதபோது நான் சுவா பக்கம் வேலை மாற்றிக்கொண்டு லாமியில் வீடு எடுத்தேன். அப்பா நான்கு வருடம் என்னோடு இருந்தார். கடலைப் பார்த்த வீடு, அவருக்குக் கடல் பிடிக்கவில்லை. அந்த விஷயத்தைப் பற்றி என்னிடம் அவர் பிறகு ஒரு வார்த்தையும் பேசவில்லை. அண்ணனிடமும் சொல்லவில்லை. அதை அண்ணனுக்கு நானே சொல்ல நேர்ந்தது, அப்பாவின் காரியத்துக்கு அவன் வந்திருந்தபோது.

அப்பாவுக்குப் பிறகு வீட்டில் நான் மட்டும். இந்தத் தமிழைப் பேச ஆள் இல்லாத வாரங்கள் உண்டு. போன வருடம் அண்ணன் மகள் கைபேசியில் தேடி, கனடாவில் அத்தையின் எண்ணைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். அத்தைக்குத் தொண்ணூறை நெருங்குகிறது, காது மட்டும் மந்தம். நான் யாரென்று சொல்லவே கொஞ்ச நேரமாயிற்று. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், உரக்க, ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு முறை. மாமா அந்த எட்டு வருடமும் பதிலுக்குக் காத்திருந்து மனம் நொந்திருப்பார், என்னை மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அத்தை கொஞ்சம் யோசித்தார். பிறகு சிரித்தார்.

"அரே, என்ன சொல்ற நீ? உங்கப்பா கோவமா இருந்தாரா? இவருக்குத் தெரியவே தெரியாதே! லெட்டர் எழுத அவன் சோம்பேறி, பன்னி வேட்டைக்கே நேரம் சரியாயிருக்கும்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. ஞாயித்துக்கெழமையானா, இந்நேரம் அவன் ஓடைப்பக்கம் போயிருப்பான்னு சொல்வாரு. சந்தோசமா சொல்வாரு."

ஏதோ பேசி முடித்துக் கைபேசியை வைத்தேன். அங்கே ஒருவர் சிரித்துக்கொண்டிருந்த அதே ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே அப்பா வானொலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நொந்தது அவர் ஒருவர் மட்டுமே. அத்தையின் சிரிப்பில் எனக்கு ஆறுதல் கிடைத்திருக்கவேண்டும். அன்று சமைக்கப் பிடிக்கவில்லை. சொல்வதற்கு அப்பா இல்லையே என்று நினைத்துக்கொண்டு, சன்னல் பக்கத்தில், மழை விடும்வரை உட்கார்ந்திருந்தேன்.