நூறு ரூபாய்க் கண்ணாடி

கலியமூர்த்தி கிட்வாய் நகர் பரமசிவத்துக்குக் கொடுக்க வேண்டியிருந்தது நூறு ரூபாய். 1979 ஜூலையில் வாங்கியது. மகள் செல்வி பி.எஸ்ஸி. முதல் வருஷம் சேர்ந்தபோது கெமிஸ்ட்ரி லேபுக்குக் கட்டிய காஷன் மணி அது. கண்ணாடிச் சாமான் எதையாவது உடைத்தால் காலேஜில் அதிலிருந்து பிடித்துக்கொள்வார்கள். ஒன்றும் உடையாவிட்டால் மூன்று வருஷம் கழித்து முழுசாகத் திரும்பி வரும்.

கலியமூர்த்தி கடன் வாங்குகிற ஆளே இல்லை. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, பண்ருட்டியிலிருந்து டிக்கெட் இல்லாமல் தில்லிக்கு வந்து இறங்கியவர். கரோல் பாகில் மூட்டை தூக்கினார், எச்சில் தட்டு கழுவினார், ஒரு நாயர் கடையில் காபிக்கொட்டை வறுத்தார். இன்றைக்கு அதே கரோல் பாகில் சொந்தமாகக் காபி அரைவைக் கடை. அவர் வறுவலுக்கு சரோஜினி நகரிலிருந்து பஸ் பிடித்து வருவார்கள். இப்படி ஏறி வந்தவன் தில்லியில் வேறு எவன் என்று அவரைக் கேட்டால், கொஞ்சம் யோசிப்பதுபோல் யோசித்து, எவனும் இல்லை என்பார். அதில் பொய்யும் கிடையாது.

கையில் பணம் இல்லாமலும் இல்லை. ஆனால் அது போர்டுப் பணம். ஆயுத பூஜைக்குள் கடை வாசலில் தன் பெயரை ஆளுயர எழுத்தில், தமிழிலும் இந்தியிலும் மாட்டிவிட வேண்டும் என்று டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார். அதில் கை வைக்க மனசு வரவில்லை.

பரமசிவம் மத்திய சர்க்கார் கிளார்க், திருநெல்வேலிக்காரர், பழைய வாடிக்கை. "வட்டியெல்லாம் வேண்டாம்வே. காலேஜ்ல திருப்பிக் குடுக்கும்போது தாரும், போதும்" என்று பெருந்தன்மையாகத்தான் கொடுத்தார். கொடுத்த மறுநாளே அந்த லேபில் உள்ள கண்ணாடியெல்லாம் அவருடையதாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காபிப்பொடி வாங்க வருவார். கடையில் நாலு பேர் நிற்கும்போது, பில் எழுதிக்கொண்டிருக்கும் செல்வியைப் பார்த்துக் குரல் கொடுப்பார்.

"என்ன தாயி, எங் கண்ணாடியெல்லாம் சௌக்கியமா? ஒங்கப்பன் கொட்டைய அரைக்கிறாப்புல அங்க போயி அரைச்சிராத!"

நாலு பேரும் சிரிப்பார்கள். கலியமூர்த்திக்குக் காது மடல் எரியும். கடன் வாங்கிய வாயால் என்ன பேசுவது? அந்த எரிச்சல் எல்லாம் மகள் மேல் போய் விழுந்தது.

"இந்தா பாரு, அங்க ஒரு சாமானத் தொட்டேன்னு தெரிஞ்சுது, கையை முறிச்சிப்புடுவேன். மத்ததுங்க செய்யும், நீ பாத்து எழுதிக்கிட்டு வா."

"தொடாம எப்பிடிப்பா ப்ராக்டிகல்..."

"வாயை மூடு."

ஆகஸ்ட் கடைசியில், அப்பாவை அழைத்து வரும்படி கெமிஸ்ட்ரி மேடம் சொல்லியனுப்பினார். கலியமூர்த்தி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, சண்டைக்குத் தயாராகவே போனார். லேபில் கேஸ் நாற்றம். மேஜை மேஜையாக ஸ்டாண்டில் பியூரெட் என்கிற நீளக் கண்ணாடிக் குழாய்கள் நின்றன. மேடம் பஞ்சாபி அம்மாள். இந்தியில் நேராக விஷயத்துக்கு வந்தார். உங்கள் பெண் ஒன்றரை மாதமாகக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறாள். பக்கத்துப் பெண் செய்கிறாள், இவள் கணக்கை மட்டும் எழுதுகிறாள். வருகிற வியாழக்கிழமை என் முன்னால் தனியாகச் செய்து காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பி.ஏ.வுக்கு மாற்றிவிடுவேன், அங்கே இடம் இருக்கிறது.

"என் பொண்ணு ஸ்கூல்ல அவ்வல் நம்பர், ஃபர்ஸ்ட் ராங்க், மேடம்ஜி!" என்று தன் அரைகுறை இந்தியில் எகிறினார் கலியமூர்த்தி.

"இருக்கட்டும் பாய்சாப். நம்பர் தலையில் இருக்கிறது. கையில் ஒன்றும் இல்லையே" என்றார் மேடம்.

பஸ் ஸ்டாப்பில் வைத்து மகளைப் பிடித்துக்கொண்டார்.

"பயமா ஒனக்கு? கலியமூர்த்தி மக பயந்து பி.ஏ.வுக்கு ஓடுனான்னு நாலு பேரு சொல்லணுமா? அதுக்கா நான் தட்டு கழுவுனேன்?"

அதுவரை குரலை உயர்த்தாத பெண், அன்றைக்கு வரிசையில் நின்ற ஜனங்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்தியது.

"பயமும் இல்ல, மண்ணும் இல்ல! தொடாதன்னது யாரு? பியூரெட்டைப் பாத்தாலே எனக்குப் பரமசிவம் அங்கிள் மூஞ்சிதான் தெரியுது. எனக்குக் கெமிஸ்ட்ரிதான் வேணும். நாயர் கடையில வறுக்கிற ட்ரம்மை ஒடைச்சுதான் தொழில் கத்துக்கிட்டேன்னு வரவங்க போறவங்ககிட்ட எல்லாம் பெருமை அடிக்கிறீங்கள்ல? அந்த நாயர் உங்களைத் தொடாதன்னு சொன்னாராப்பா?"

கலியமூர்த்தி வாயைத் திறப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. வீடு வரை பல்லைக் கடித்துக்கொண்டே வந்தார். யார் மேல் கோபம் என்று கேட்டிருந்தால், கேட்டவரை அடித்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை பரமசிவம் பையோடு வந்தார். "என்ன தாயி, எங் கண்ணாடி..." என்று ஆரம்பித்ததுதான் தாமதம், கலியமூர்த்தி மெஷினை நிறுத்தினார். கடை பூராவும் சத்தம் அடங்கிப்போயிற்று. மேல் தட்டிலிருந்து போர்டுப் பண டப்பாவை எடுத்தார்.

"அண்ணாச்சி, கையை நீட்டுங்க."

"எதுக்குவே? அதுக்கு இன்னும் மூணு வருஷம் கெடக்குல்லா."

"நீட்டுங்கன்னா நீட்டுங்க!"

"சும்மா வெளையாட்டுக்குச் சொன்னதுக்குப் போயி இம்புட்டுக் கோவமா? அப்ப போர்டு?"

"எம் பேரு தெரியாதவன் கரோல் பாகுல எவன் இருக்கான்? போர்டு ஒண்ணுதான் கொறைச்சலா?" அதே சூட்டில் மகள் பக்கம் திரும்பினார். "ஏய் செல்வி! வியாழக்கிழமை போயி ரெண்டு கையாலயும் புடிச்சிச் செய்யி. ஒடஞ்சா ஒடையட்டும். ஒடையறது கலியமூர்த்தி கண்ணாடி!"

செல்வி பேனாவைக் கீழே வைத்துவிட்டு அப்பாவையே பார்த்தாள்.

பரமசிவம் வேறு வழியில்லாமல் உள்ளங்கையை விரித்தார். காபிப்பொடி வாசனை ஏறிய பத்து ரூபாய் நோட்டுகளை, கடையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி எண்ணி எண்ணி, பத்தாவது நோட்டு வரை அந்தக் கையில் அறைந்து அறைந்து வைத்தார் கலியமூர்த்தி.